ஒட்டுக்கன்றும் வீட்டுத் தோட்டமும்

நெல் விதைப்பில் நேர்ந்த பிழையை அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். பழமரத் தேர்வில் நேர்ந்த பிழையோ பல ஆண்டுகள் கழிந்த பின்னரே புலப்படும். ஆகவே, வீட்டுத் தோட்டத்தில் மரம் வளர்க்க விரும்புவோர் முதலில் இடத்தின் பரப்பை நோக்குதல் வேண்டும். மாவும் பலாவும் அகன்று வளர்வன; அவற்றைச் சுவரை ஒட்டி நடுதல் கூடாது. குறுகிய மனைக்குக் கொய்யா, எலுமிச்சை, மாதுளை ஆகியன ஏற்றவை.

அடுத்து நோக்கத்தக்கது கன்றின் தன்மை. சுவைமிக்க மாங்கனியின் கொட்டையை ஊன்றினால் அதே சுவை கிடைக்கும் எனப் பலர் நம்புவர். ஆனால், அயல்மகரந்தச் சேர்க்கையால் உண்டான விதையில் தாய்மரத்தின் இயல்பு மாறிவிடக்கூடும். ஒட்டுக்கன்று அவ்வியல்பை மாறாமல் பெறுவதோடு, பெரும்பாலும் 3 அல்லது 4 ஆண்டுகளில் காய்க்கவும் தொடங்கும். அதன் வேர்ப்பகுதி ஒரு செடிக்குரியது; மேல்தண்டு மற்றொன்றுக்குரியது. பாலை நாற்றின்மீது சப்போட்டாவை ஒட்டுவதும் இம்முறையே ஆகும்.

நடும்பொழுது ஒட்டுப்பகுதி மண்ணில் புதையாமல் மேலே இருத்தல் வேண்டும். கன்று காற்றில் சாயாதவாறு கோல் ஊன்றிக் கட்டுதல் வேண்டும். ஒட்டுக்குக் கீழே தோன்றும் தளிர்களை உடனுக்குடன் நீக்குதல் இன்றியமையாதது. கன்று தழைக்கிறது என மகிழ்ந்து அவற்றை விட்டுவிட்டால், வேர் ஈட்டும் நீரையும் சத்தையும் அவையே கவர்ந்துகொள்ளும். மேல்தண்டு நலிந்து பட்டுப்போகும். பல்லாண்டு நீர் வார்த்தவர், தாம் விரும்பி வாங்கிய வகைக்கு மாறாக, வேர்ச்செடியின் காயையே இறுதியில் காண்பர். ஆதலால், இளங்கன்றின் அடித்தண்டை வாரந்தோறும் பார்த்துவருதல் நலம்.