யதேச்சைத் தேர்வும் ஆர்-ஃப்ரீயும்

புரதப் படிகத்தின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பெற்ற பல்லாயிரம் பிரதிபலிப்புகளில் நூற்றுக்கு ஐந்தையோ பத்தையோ யதேச்சையாகப் பொறுக்கி, மாதிரியைச் செம்மை செய்யும் கணக்குக்குக் காட்டாமல் தனியே ஒதுக்கி, பின்னர் அவற்றைக் கொண்டே அம்மாதிரியின் யோக்கியதையைப் பரீட்சிக்கும் முறையை ஆக்ஸல் பிரங்கர் 1992-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அவ்வாறு கிடைக்கும் எண்தான் ஆர்-ஃப்ரீ. அதன் அவசியத்தில் சந்தேகமுள்ளவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது க்ளைவெக்டும் ஜோன்ஸும் 1995-இல் செய்துகாட்டிய விஷமத்தனமான பரிசோதனையைத்தான்: ஒரு சிறு புரதத்தின் சங்கிலியை வேண்டுமென்றே முன்பின்னாக மாற்றிக் கட்டி, சாதாரண ஆர் எண்ணை ஏறக்குறைய 21 சதவீதம் வரை அவர்கள் இறக்கிவிட்டார்கள், ஆர்-ஃப்ரீ மட்டும் 60-ஐத் தாண்டியே நின்றது. அணுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு இறைத்துவிட்டால்கூட 59 சதவீதம்தான் வரும்!

இத்தகைய சாட்சியைச் சம்பாதிக்க, நிரலில் ஒரு பொத்தானை அழுத்தி யதேச்சையாகப் பிரித்துவிட்டால் போதும் என்றே புதிதாக வருகிற மாணவர்கள் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் யதேச்சை என்பது ஓர் உபாயமே. நாம் நாடுவது சுயேச்சை. ஒதுக்கிய பிரதிபலிப்பும் ஒதுக்காத பிரதிபலிப்பும் ஒன்றையொன்று அறியாதவையாக இருக்க வேண்டும்.

ஒரே மூலக்கூறின் பல பிரதிகள் படிகத்தின் சமச்சீருக்குப் புறம்பான வேறொரு சமச்சீரால் பிணைந்திருக்கும்போது, அச்சமச்சீர் இணைக்கும் பிரதிபலிப்புகளின் செறிவுகளும் உறவு கொண்டுவிடுகின்றன. ஆகவே வைரஸ் உறை போன்ற, பிரதிகள் மிகுந்த படிகங்களில் பிரிதிறனை மெல்லிய அடுக்குகளாக வகுத்து, அடுக்கடுக்காகவே சோதனைக்கு எடுப்பேன். இரண்டே பிரதிகள் என்றால் அவ்வளவு சிரமப்படுவதில்லை. இரட்டைப் படிகமாயின் ஜோடிப் பிரதிபலிப்புகள் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும். இடக்குழு பற்றிய நம் தீர்மானம் பிற்பாடு மாறக்கூடும் என்பதால், பின்னலின் மிக உயர்ந்த சமச்சீரையொட்டியே ஆரம்பத்திலிருந்து குறியிடுவது என் வழக்கம்.

ஆயினும் நான் மிகுதியாகக் காண்கிற விபரீதம் வேறு. அதே படிக வடிவத்தில் ஒரு மருந்து மூலக்கூறை ஊறவைத்துப் புதிய தரவு சேகரிக்கிறோம். பழைய மாதிரியையே தொடக்கமாகக் கொள்கிறோம். சோதனைத் தொகுதியை மட்டும் புதிதாக யதேச்சையில் எடுத்துவிடுகிறோம். இப்புதிய தொகுதியின் பெரும்பகுதியை அந்த மாதிரி முன்பே பார்த்துப் பழகியிருப்பதால், ஆர்-ஃப்ரீ தகுதிக்கு மீறி அழகாக இறங்கிவிடும். விதைநெல்லை எந்தப் பஞ்சத்திலும் கைவைக்காமல் அடுத்த போகத்துக்குக் கொண்டுபோகும் குடியானவனைப் போல, பழைய குறிகளை அப்படியே புதிய தரவுக்கு மாற்றி, பிரிதிறன் கூடியதால் வந்த வெளிப் பிரதிபலிப்புகளுக்கு மட்டும் புதுக்குறி இட வேண்டும். குறிகள் தொலைந்துவிட்டால் புரதத் தரவு வங்கியில் தேடுங்கள். 2008 பிப்ரவரி முதல் அங்கே மாதிரியோடு அமைப்புக் காரணிகளையும் ஒப்படைப்பது கட்டாயம். அங்கும் அகப்படாவிட்டால், அணுக்களின் இருப்பிடங்களைக் குலுக்கி, கணினியில் சூடேற்றி ஆற வைத்து மாதிரியின் பழைய ஞாபகத்தைக் கலைக்கலாம். அப்பரிகாரத்தை நான் அரைமனத்தோடுதான் நம்புகிறேன்.

சதவீதத்தைக் காட்டிலும் எண்ணிக்கையே முக்கியம். நாலாயிரம் பிரதிபலிப்புகளில் ஐந்து சதவீதம் இருநூறுதான். அதில் பிறக்கும் ஆர்-ஃப்ரீ ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு லட்சத்தில் ஐந்து சதவீதம் பதினாயிரம். அத்தனையை ஒதுக்குவது வீண். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் நிறுத்திக்கொள்வதே என் அபிப்பிராயம்.

சி.சி.பி.4 மரபில் சோதனைக்குரிய குறி 0. எக்ஸ்-ப்ளோர் மரபில் 1. நிரலுக்கு நிரல் கோப்பை மாற்றும்போது எந்தக் குறியில் எத்தனை பிரதிபலிப்புகள் உள்ளன என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள். தரவை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது குறிகள் அடங்கிய பத்தியையும் சேர்த்தே கொடுங்கள். பிறரிடமிருந்து பெறும்போது அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள்.