நஷ்ட ஈட்டுப் பணமும் இடைத்தரகரும்

சாலை விபத்தில் குடும்பத் தலைவரை இழந்தவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் வழங்கும் நஷ்ட ஈடு தருமமன்று. அஃது அவர்களுடைய உரிமை. ஆயினும் அவ்வுரிமைப் பணம் கோர்ட்டிலிருந்து வீடு வந்து சேருமுன் அதில் ஒரு பெரும்பகுதி இடைவழியிலேயே கரைந்துபோவதைப் பல குடும்பங்களில் காண்கிறோம். எங்கள் குடும்பத்திலேயே நேர்ந்த ஒன்றை இங்கு எடுத்துரைத்து, போன பணத்தில் எவ்வளவு திரும்பிற்று, எவ்வழியில் திரும்பிற்று என்பதை உறுப்பினர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

எங்கள் சிற்றப்பனாரும் சித்தியும் காஞ்சிபுரத்தில் தறியை நிறுத்திய பின்னர் மகனோடு கொட்டிவாக்கத்தில் வசித்து வந்தனர். கிழக்குக் கடற்கரைச் சாலை அவ்வூரின் ஊடே செல்கிறது; கடற்புறத்தில் வீடுடையவர்கள் பால் வாங்குவதற்கும் அதைக் கடந்தே ஆகவேண்டும். 2018ஆம் ஆண்டில் ஒரு விடியற்காலை அவ்வாறு கடக்கையில் வேன் மோதிச் சிற்றப்பனார் இறந்தார். கருமாதி முடிந்த மறுநாளே ‘கிளெய்ம் கம்பெனி’ என்று சொல்லிக்கொண்டு இருவர் வந்தனர். முன்பணம் ஒரு காசும் வேண்டாம், தீர்ப்பான தொகையில் மூன்றில் ஒரு பங்கு தந்தால் போதும் என்றனர். மகன் வேலைக்குச் சென்றிருந்த நேரம். சித்திக்கோ இரு கண்களிலும் புரை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாது. எழுதாத தாள்கள் நான்கிலும், ஒரு முத்திரைத்தாளிலும், வக்காலத்துப் படிவத்திலும் கைநாட்டு வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விட்டனர்.

வழக்குச் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இயங்கும் மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு நடுவர் மன்றத்தில் நடைபெற்றது. 2022இல் வட்டியுடன் 9,60,000 ரூபாய் கிடைத்தது. ஒரு பகுதியை ரொக்கமாகவும் மீதியை வைப்புத்தொகையாகவும் வைக்குமாறு உத்தரவு. பணம் வரவிருந்த பாங்குக் கணக்கைத் திறந்து கொடுத்தவர்களும் கம்பெனிக்காரர்களே. கணக்கில் பதிவாகியிருந்த தொலைபேசி எண்ணும் அவர்களுடைய ஆளின் எண்ணே! பணம் வந்த அன்றே சித்தியை ஆட்டோவில் அழைத்துச் சென்று 3,20,000 ரூபாயை எடுத்துக்கொண்டனர். ஆறு மாதங்களுக்குப் பின்னர் வீட்டுப் பழுது என்று மன்றத்தில் மனுப்போட்டு, வைப்புத்தொகையிலிருந்து 1,00,000 ரூபாய் எடுத்தனர். வீட்டில் ஓர் ஓடுகூட மாற்றப்படவில்லை. பொங்கலுக்குச் சென்றிருந்த நாங்கள் பாஸ்புத்தகத்தைப் பார்த்துக் கேட்டபோது, “கோர்ட்டு ஃபீசுன்னு சொன்னாங்கப்பா” என்றார் சித்தி.

இனி இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வழக்கின் பயனில் பங்கு பேசி ஊதியம் பெறுவது வழக்கறிஞர்களுக்கு அடியோடு விலக்கப்பட்டது. இந்திய வழக்கறிஞர் பேரவையின் விதிகள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த தெலுங்கானா வழக்கொன்று அப்படியே நம் கதையை ஒத்தது. கணவரை விபத்தில் இழந்த பெண்மணி ஒருவர் 10 லட்சம் ரூபாய் ஊதியமாகக் கொடுத்த பின்னரும், மேலும் 3 லட்சத்துக்கு அவரிடம் காசோலை வாங்கப்பட்டது. காசோலை திரும்பியதும் அவர்மீதே குற்ற வழக்குத் தொடரப்பட்டது. தீர்ப்புத் தொகையில் சதவீதம் கேட்பது பொதுநலக் கொள்கைக்கு முரணானது என்று கூறி உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ரத்துச் செய்தது.

வழக்கறிஞரல்லாத கம்பெனிக்கு இவ்விதி நேரே பொருந்தாது. பலர் இங்கேதான் தவறிவிடுகின்றனர். பிறர் வழக்குக்குப் பணம் போட்டுப் பயனில் பங்கு பெறும் ஒப்பந்தம் இங்கிலாந்தில் போல இந்தியாவில் தானாகவே செல்லாததாகிவிடாது என்று 1876லேயே பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. ஆனால் அத்தகைய ஒப்பந்தம் கொள்ளையடிப்பதாகவும் மனச்சாட்சிக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் கோர்ட்டு அதற்குத் துணை போகாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மேலும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வயது, நோய், மன வேதனை ஆகியவற்றால் அறிவு தளர்ந்திருப்பவரிடம் செல்வாக்கைப் பயன்படுத்திப் பெற்ற ஒப்பந்தத்தை அவர் தள்ளிவிட இடமளிக்கிறது. கணவன் இறந்த பதினேழாம் நாள், கண் தெரியாத ஒரு மூதாட்டியிடம் பெற்ற கைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு வேறில்லை.

ஆகவே நாங்கள் முதலில் செய்தது சண்டையன்று, நகல் மனுவே. நடுவர் மன்றத்தின் தீர்ப்பு, பணம் எடுக்கக் கொடுத்த மனுக்கள், அவற்றின் மேல் பிறந்த உத்தரவுகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைப் பெற்றோம். பாங்குக்குச் சென்று தொலைபேசி எண்ணை மாற்றிக் கணக்கு விவரத்தை முழுதும் வாங்கினோம். வீட்டுப் பழுதுக்கென்று மன்றத்தில் சொன்னதையும், அன்றே அப்பணம் வேறொரு கணக்குக்குப் போனதையும் பக்கத்தில் பக்கமாக வைத்தபோது எங்கள் வழக்கு பாதி எழுதப்பட்டுவிட்டது எனலாம். வைப்புத்தொகை மன்றத்தின் அனுமதியின்றி உடைக்கப்படலாகாது என்பதும், கல்வியறிவற்றோர் பணத்துக்குத் தனிக் காவல் வேண்டும் என்பதும் 1993இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள். அந்நெறியை ஏமாற்றவே பொய்மனு போடப்பட்டிருந்தது.

அடுத்து வக்காலத்தில் கையொப்பமிட்டிருந்த வழக்கறிஞருக்கும் கம்பெனிக்கும் தனித்தனியே அறிவிப்பு அனுப்பினோம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். எனவே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நியமித்த வழக்கறிஞர் ஒருவரே அதை எழுதித் தந்தார். செலவு பதிவுத் தபாலுக்கு மட்டுமே. வழக்கறிஞர் தவறினால் மாநில வழக்கறிஞர் பேரவைக்கு முறையிடலாம். கம்பெனி தவறினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை அங்குக் கட்டணமில்லை, ஆனால் இரண்டாண்டுக்குள் போகவேண்டும். வழக்கறிஞர் சேவையை நுகர்வோர் சட்டத்தில் கேட்க முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளதால், எவரிடம் எங்கே முறையிடுவது என்பதைக் குழப்பிக்கொள்ளலாகாது. பொய்மனுவும் ஏமாற்றும் இருப்பின் போலீசு புகாருக்கும் தடையில்லை.

இதனிடையே மற்றொருவர் வந்தார். ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், நூற்றுக்குப் பத்து முன்பணம்’ என்றார். முதல் கம்பெனி எங்கள் பெயரை விற்றதோ, நகல் மனுவைப் பார்த்து மோப்பம் பிடித்தாரோ, அறியோம். ஒரு முறை ஏமாந்தவரே மறுமுறையும் தேடப்படுகிறார். நாங்கள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

கம்பெனியார் முதலில் முறைத்தனர். பின்னர் கணக்கு காட்டினர். முத்திரை, நகல், மருத்துவச் சான்று முதலிய செலவுகள் 38,000 ரூபாய் என்றனர். ரசீது இருந்தவற்றை நாங்கள் மறுக்கவில்லை. ஒப்பந்தத்தைத் தள்ளுகிறவர் தாம் பெற்ற நன்மையைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் சட்டமே. அதை ஒப்புக்கொண்டதால்தான் பேச்சு முறியாமல் நின்றது. 4,20,000இல் அது போக 3,82,000 நிலுவை. மக்கள் நீதிமன்றத்தில் 2,90,000 ரூபாய் மூன்று தவணைகளில் தர ஒப்புக்கொண்டனர். வழக்கறிஞர் பேரவைக்குப் போவோம் என்ற வரி அறிவிப்பில் இருந்தது இதற்குப் பெரிதும் உதவிற்று என்று நினைக்கிறோம். மக்கள் நீதிமன்றத் தீர்வு உரிமையியல் தீர்ப்புக்கு ஒப்பானது, மேல்முறையீடு இல்லை, தவணை தவறினால் நேரே நிறைவேற்று மனு போடலாம். எஞ்சிய 92,000 கிடைக்கவில்லை. வழக்காடி மேலும் ஐந்தாண்டு காத்திருக்கச் சித்தி ஒப்பவில்லை. அவர் சொன்னது சரியே.

இப்போது விபத்து நேரும் குடும்பங்களுக்கு ஒன்று கூறவேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, போலீசாரே 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்தறிக்கையையும் 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் நடுவர் மன்றத்துக்கு அனுப்பவேண்டும். அவ்வாறு வரும் அறிக்கையையே நஷ்ட ஈட்டு மனுவாக மன்றம் எடுத்துக்கொள்ளச் சட்டம் சொல்கிறது. மோதிய வண்டி எதுவென்று தெரியாமல் போனாலும், மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000மும் தரும் அரசுத் திட்டம் உண்டு. இவற்றைத் தொடங்க எந்தக் கம்பெனியின் கைநாட்டுத் தாளும் தேவையில்லை. போலீசு நிலையத்தில் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவதும், பாங்குக் கணக்கைத் தம் ஊரிலேயே தம் தொலைபேசி எண்ணோடு திறப்பதும் குடும்பத்தாரின் வேலை.

முதல் இரு தவணைகளும் நாள் தவறாமல் வந்தன. மூன்றாவது பதினொரு நாள் தாமதித்து, நிறைவேற்று மனு தயார் என்று ஒரு கடிதம் போனபின் வந்தது. சித்தி கண் அறுவை செய்துகொண்டு, பாஸ்புத்தகத்தைத் தாமே எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிவருகிறார்.