ஆறு வோல்ட் செவர்லே

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவற்றில் பின்கட்டைத் தாண்டிப் போனால் ஓர் ஓட்டுக் கொட்டகை இருக்கும். வைக்கோலும் பழைய மரச்சாமான்களும் அடைந்து கிடக்கும் அந்தக் கொட்டகைதான் ஒரு காலத்தில் அவ்வீட்டின் கார் நின்ற இடம். கல்லலில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் இன்றும் 1951-ஆம் ஆண்டுச் செவர்லே ஒன்று நிற்கிறது. என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், வாங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடாமல் நின்றுவிட்ட அதனை மீண்டும் ஓடச் செய்யும் வேலையில் நானும், என் மனைவியும், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளும், சிற்றப்பாவும் விடுமுறை நாள்களில் இறங்கியிருக்கிறோம். அப்போது நான் செய்த ஒரு தவற்றையும், அதிலிருந்து கிடைத்த மின்னியல் பாடத்தையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

பழைய கார்களைத் தேடிச் சேர்த்துச் செப்பனிடுவதைக் குடும்பப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் நம் நாட்டிலும் உண்டு. காரைக்குடியில் பிறந்த ஏவி. மெய்யப்பனின் பேரன் எம்.எஸ். குகன் திரட்டிய பழைய கார்கள் 2023 முதல் சென்னை வடபழனியில் உள்ள ஏவி.எம். வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கெல்லாம் போக வாய்த்தால் பெயின்டின் பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். எஞ்சின் மூடி திறந்திருக்கும் காரைத் தேடி, அதன் பாட்டரியிலிருந்து புறப்படும் கம்பி எவ்வளவு பருமனாக இருக்கிறது என்று கவனியுங்கள். இக்கட்டுரை அந்தக் கம்பியைப் பற்றியதே.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் பம்பாயின் சேவ்ரி பகுதியில் பாகங்களை இறக்குமதி செய்து, கார்களாகப் பூட்டி விற்று வந்தது. காரை முழுமையாக உள்நாட்டிலேயே தயாரிக்க முன்வரும் நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்று அரசு முடிவு செய்ததால், 1954-இல் அந்தத் தொழிலகம் மூடப்பட்டது. ஆகவே இந்தக் கார்களுக்கு உதிரி பாகம் கிடைப்பது அரிது. ஒன்று கெட்டால் அதற்கு மாற்று தேட மாதக்கணக்கில் அலைய வேண்டும். என் தவற்றின் கனம் உங்களுக்குப் புரிவதற்காகவே இதைச் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் காரின் எஞ்சினுக்கு ஆறு உருளைகள். கொள்ளளவு ஏறத்தாழ 3.5 லிட்டர், திறன் 92 குதிரைத் திறன். அதைத் திறந்து, கழுவி, எண்ணெயிட்டு, புதிய 6 வோல்ட் பாட்டரி ஒன்றையும் பூட்டினோம். இன்றைய கார்களில் இருப்பது 12 வோல்ட் பாட்டரி; அதில் ஆறு ஈய அமில மின்கலங்கள் உண்டு. எங்கள் காருக்கு மூன்று மின்கலங்கள் கொண்ட பாட்டரிதான். ஒரு கலத்திற்கு 2.1 வோல்ட் வீதம் 6.3 வோல்ட். ஸ்டார்ட்டரை அழுத்தினோம். எஞ்சின் 'ஊம்... ஊம்...' என்று முனகி, அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர், "சார், ஆறு வோல்ட்டெல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாது. எல்லாத்தையும் பன்னிரண்டுக்கு மாத்திடுங்க" என்றார். இயற்பியல் விரிவுரையாளனான நான் அதை யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என்னுடைய மாருதியிலிருந்து 12 வோல்ட் பாட்டரியைக் கழற்றி, 'ஒரு நிமிடம்தானே' என்று இணைத்துவிட்டேன். ஸ்டார்ட்டர் வேகமாகத்தான் சுழன்றது. எஞ்சினும் ஒருமுறை உறுமியது. ஆனால் பிற்பகலில் விளக்குகளைச் சோதித்தபோது போட்ட சுவிட்சை அணைக்க மறந்திருந்தேன். முன்விளக்குகள் இரண்டும் வெண்ணிறமாக ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்தன. அக்கால அமெரிக்கக் காரின் முன்விளக்கில் பல்பு தனியாக இராது; மின்னிழை, பிரதிபலிப்பான், கண்ணாடி எல்லாம் சேர்த்து முத்திரையிடப்பட்ட ஒரே பொருள் அது. இழை போனால் விளக்கே போயிற்று. எழுபது ஆண்டுகள் தாங்கி நின்ற விளக்குகளை நான் ஒரே நொடியில் எரித்துவிட்டேன்.

"பவர் எவ்வளவு ஆகியிருக்கும் அப்பச்சி?" என்று மகள் கேட்டாள். நீங்களும் அவளோடு சேர்ந்து கணக்கிடுங்கள். எளிமைக்காக விளக்கின் திறன் 36 வாட் என்று கொள்வோம். 6 வோல்ட்டில் 36 வாட் என்றால் மின்னோட்டம் 6 ஆம்பியர். மின்தடை 1 ஓம். அதே 1 ஓம் இழையின் மீது 12 வோல்ட்டைச் செலுத்தினால் மின்னோட்டம் 12 ஆம்பியர். திறன் 144 வாட்! மின்னழுத்தம் இரு மடங்கானால் திறன் நான்கு மடங்காகிறது. சூடேறும்போது டங்ஸ்டன் இழையின் மின்தடையும் கூடுமாதலால் உண்மையில் நான்கு மடங்கை எட்டாது. எனினும் இழையை உருக்க அது போதும்.

மாலையில் சிற்றப்பா ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் கார் ஆறு வோல்ட்டிலேதானே மதுரைக்கும் திருச்சிக்கும் போய் வந்தது? அப்ப ஓடினது இப்ப ஏன் ஓடல?" இதைவிட நல்ல அறிவியல் கேள்வி வேறில்லை என்பேன். ஆறு வோல்ட் குற்றவாளி என்றால் 1951-லேயே கார் நகர்ந்திருக்காது. இடையில் ஏதோ மாறியிருக்கிறது. அது என்ன?

மறுநாள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு வோல்ட்மீட்டரையும், கம்பியைக் கவ்விப் பிடித்தே நேர்மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரையும் கொண்டு வந்தேன். 6 வோல்ட் பாட்டரியை மீண்டும் இணைத்தோம். மகள் ஸ்டார்ட்டரை அழுத்த, நான் அளந்தேன். மின்னோட்டம் ஏறத்தாழ 200 ஆம்பியர். அப்போது பாட்டரியின் முனைகளுக்கிடையே 5.3 வோல்ட். ஆனால் ஸ்டார்ட்டரின் முனைகளுக்கு வந்து சேர்ந்ததோ 3.7 வோல்ட்தான். நடுவில் 1.6 வோல்ட் எங்கே போயிற்று?

மின்னோட்டம் பாட்டரியின் நேர்முனையிலிருந்து பருத்த கம்பி வழியே ஸ்டார்ட்டருக்குப் போகிறது. திரும்பி வரத் தனிக் கம்பி கிடையாது. எஞ்சின், சட்டகம் ஆகியவற்றின் இரும்பே திரும்பும் பாதை. அந்த இரும்பிலிருந்து ஒரு செம்புப் பின்னல் பட்டை பாட்டரியின் எதிர்முனைக்கு வருகிறது. போகும் பாதையை அளந்தோம்: 0.4 வோல்ட் இழப்பு. திரும்பும் பாதையை அளக்க, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மறு முனையை எஞ்சினிலும் வைத்தோம். பாதை சரியாக இருந்தால் முள் சுழியை விட்டு அதிகம் நகரக் கூடாது. அது 1.2 வோல்ட்டைக் காட்டியது.

1.2 வோல்ட்டை 200 ஆம்பியரால் வகுத்தால் 0.006 ஓம். ஓர் ஓமில் ஆயிரத்தில் ஆறு பங்கு! வீட்டு மின்விசிறிச் சுற்றில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இங்கே அதே மின்தடை 240 வாட் திறனை வெப்பமாக விழுங்குகிறது. பட்டை இரும்போடு சேரும் போல்ட்டைத் தொட்டுப் பார்த்த சிற்றப்பா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குற்றவாளி அகப்பட்டுவிட்டது. போல்ட்டைக் கழற்றினால், பட்டைக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையே செம்பழுப்புத் துரு.

ஆறு வோல்ட்டில் இச்சிறு தடை ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? ஒரே திறனை 12 வோல்ட்டில் பெற 100 ஆம்பியரே போதும். அதே 0.006 ஓமில் அப்போது 0.6 வோல்ட்தான் இழப்பு. ஆறில் 1.2 போவது ஐந்தில் ஒரு பங்கு, பன்னிரண்டில் 0.6 போவது இருபதில் ஒரு பங்கு. அமெரிக்கக் கார்கள் 1950-களின் நடுவில் 12 வோல்ட்டுக்கு மாறியதன் காரணங்களில் இதுவும் ஒன்று. அப்போது வந்த எஞ்சின்களில் அழுத்த விகிதம் கூடியது. அவற்றைச் சுழற்ற வலிய ஸ்டார்ட்டர் தேவைப்பட்டது. செவர்லே 1955-இல் மாறியது. ஆறு வோல்ட் காருக்குப் பருமனான கம்பி வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். எங்கள் காரிலோ யாரோ ஒருவர் எப்போதோ 12 வோல்ட் காருக்குரிய மெல்லிய கம்பியைப் போட்டிருந்தார். போகும் பாதையில் இழந்த 0.4 வோல்ட்டின் கதை அது. குறுக்குவெட்டு 16 சதுர மில்லிமீட்டரே உள்ள அதனை எடுத்துவிட்டு 50 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பூட்டினோம்.

இனி அந்தத் துருவுக்கு வருவோம். ஈரக்காற்று பட்டாலே இரும்பு துருப்பிடிக்கும். ஆனால் இந்த இடத்தில் அளவுக்கு மீறிப் பிடித்ததற்குச் செம்பும் காரணம். இரும்பையும் செம்பையும் ஒட்டவைத்து, நடுவே உப்புக் கலந்த ஈரம் சிறிது இருந்தால் அதுவே ஒரு மின்கலமாகிவிடுகிறது. இரும்பின் திட்ட மின்முனை அழுத்தம் -0.44 வோல்ட், செம்பினுடையது +0.34 வோல்ட். இரும்பு தன் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. செம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுகும் கொட்டகையில் முப்பது ஆண்டுகள் இந்த மின்கலம் ஓசையின்றி வேலை செய்திருக்கிறது. ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் தடுத்தது இன்னொரு மின்சாரம் என்பதைக் கண்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இந்த அரிமானத்தை ஆராயும் பெரிய நிறுவனம் எங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. ஊரார் அதைச் 'சிக்ரி' என்பார்கள். உப்புக் காற்றில் உலோகங்கள் எப்படி அரிபடுகின்றன என்று பார்க்க அதற்கு மண்டபம் கடற்கரையில் ஒரு சோதனை நிலையமும் உண்டு.

துருவைப் போக்கவும் மின்சாரத்தையே பயன்படுத்தினோம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த தகட்டை மின்னேற்றியின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்தோம். தகட்டைச் சுற்றி ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பின. துருவின் ஒரு பகுதி ஒடுக்கம் அடைந்து கரும்பொடியாகிறது. குமிழ்கள் மீதியை நெகிழ்த்துகின்றன. நான்கு மணி நேரத்தில் தகட்டைத் தேய்த்தால் கறுப்பாகக் கழன்றது. அரித்துப் போன இரும்பு திரும்பி வராது. இருப்பது மிஞ்சும், அவ்வளவே. இதை நீங்கள் ஆசிரியரோ பெரியவரோ உடனிருக்கும்போது திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும். ஹைட்ரஜன் தீப்பற்றும். நேர்முனையில் எவர்சில்வரை வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் நஞ்சான சேர்மமாகக் கரையும். சமையல் உப்பையும் போடாதீர்கள். குளோரின் வாயு வரும். பெட்ரோல் டாங்கியின் அருகே இந்த வேலையே கூடாது.

இரும்பை விட்டால்தான் துரு இல்லையே என்று சிலருக்குத் தோன்றும். செவர்லே நிறுவனமே 1953-இல் அப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. 'கார்வெட்' என்று பெயர். அவ்வாண்டு செய்தவை 300. எல்லாமே வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. எஞ்சின் எங்கள் காரின் எஞ்சினுக்கு அண்ணன் முறை: அதே ஆறு உருளைக் குடும்பம், சற்றுப் பெரியது, 150 குதிரைத் திறன். உடலோ கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. அது துருப்பிடிக்காது. ஆனால் மின்சாரத்தையும் கடத்தாதே! ஆகவே உடலில் பொருத்திய விளக்கு ஒவ்வொன்றுக்கும் திரும்பும் கம்பி தனியே வேண்டியதாயிற்று. தீப்பொறி எழுப்பும் ரேடியோ இரைச்சலைத் தடுக்க இரும்பு உடல் இல்லாததால், எஞ்சினின் பற்றவைப்புப் பகுதிக்கு உலோகக் கவசம் போட்டார்கள். ஆனால் ரேடியோ அலைகள் கண்ணாடி இழையை ஊடுருவுமாதலால், வானலை வாங்கியைப் பின்மூடிக்குள்ளேயே ஒளித்து வைக்க முடிந்தது. அந்தக் காரிலும் அடிச்சட்டகம் எஃகுதான்; அது துருப்பிடிக்கவே செய்யும்.

சுத்தம் செய்த தகட்டை உடனே உலர்த்தி, பட்டையை இறுகப் பூட்டி, ஈரம் புகாமல் மேலே வாசலின் தடவினோம். மீண்டும் அளந்தோம். திரும்பும் பாதையில் இழப்பு 0.1 வோல்ட். எஞ்சின் மூன்றாவது சுற்றில் பற்றிக்கொண்டது. சத்தம் கேட்டு அப்பத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல், பின்கதவின் மீது கை வைத்தபடி நின்றார்.

12 வோல்ட்டுக்கு மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டோம். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிப்படி, 50 ஆண்டு கடந்த காரின் சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவை பெரிதும் மாறாமல் இருந்தால் அதைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். அதற்கான தாள்களைச் சேர்த்து வருகிறோம். அதுவரை கொட்டகையிலிருந்து வீட்டு முற்றம் வரைதான் ஓட்டம்.

முன்விளக்குகள் இன்னும் கிடைத்தபாடில்லை. தற்காலிகமாக 12 வோல்ட், 36 வாட் விளக்குகள் இரண்டைப் பொருத்தியிருக்கிறோம். அரிக்கேன் விளக்குப் போலச் செம்மையாக எரிகின்றன. 6 வோல்ட்டில் அவை ஒவ்வொன்றும் எத்தனை வாட் திறனை எடுக்கும் என்று கணக்கிடுங்கள். அளந்து பார்த்தபோது எங்களுக்குக் கிடைத்த எண் உங்கள் கணக்கு விடையைவிடச் சற்று அதிகமாக இருந்தது. ஏன் என்பதையும் யோசியுங்கள். எரிந்துபோன விளக்குகளைப் பற்றிய பத்தியில் அதற்குக் குறிப்பு இருக்கிறது.