மந்தை மேய்த்த நாயும் மிதிவெடி தேடும் நாயும்

உழவுக்கு எருது வாங்கப் போகின்ற கமக்காரர் நிறத்தை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. அதன் நடை, கால், தோள், குணம் யாவற்றையும் பார்க்கின்றார். நல்ல கறவைப் பசு ஈன்ற நாகு கன்றை விற்காமல் வைத்துக்கொள்கின்றார். தலைமுறை தலைமுறையாக இவ்வாறு தெரிந்தெடுத்ததனாலேயே உழவுக்கு ஏற்ற மாடும் பாலுக்கு ஏற்ற மாடும் வெவ்வேறாக உருவாகின.

நாய் இனங்களும் இவ்வாறே உருவாகின. இன்று அழகுக்காக வளர்க்கப்படும் சாதி நாய்கள் பல, ஒரு காலத்தில் ஏதோ ஒரு தொழிலுக்கென ஆக்கப்பட்டவை. ஐரோப்பாவில் ஆடு மேய்த்த நாய்கள் எவ்வாறு மிதிவெடி தேடும் நாய்களாயின என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். சொந்தக் காணிக்குத் திரும்பக் காத்திருக்கும் எமக்கு இது தூரத்துக் கதை அல்ல. இலங்கையின் வடக்கு, கிழக்கு நிலங்களிலும் இத்தகைய நாய்கள் வேலை செய்துள்ளன.

1. வேலைக்கு ஏற்ற இனம்

நாயின் மூதாதை ஓநாய். ஓநாயின் வேட்டைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரையைத் தேடும், உற்றுப் பார்க்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையிலுள்ள எல்லைப் பகுதியில் வாழ்ந்த ஆயர்கள், உற்றுப் பார்த்தல், பதுங்குதல், துரத்துதல் ஆகியவற்றில் வல்ல நாய்களைத் தெரிந்து இனம் பெருக்கினர். ஆட்டைக் கடித்துக் காயப்படுத்தும் நாயை ஒதுக்கினர். இவ்வாறு உருவானதே போடர் கொலி என்னும் இனம். 1873ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் மந்தை நாய்களுக்கான போட்டி நடைபெற்றது. வேலையில் எந்த நாய் சிறந்தது என்பதே அங்கு பார்க்கப்பட்டது.

பிரான்ஸ், இத்தாலி மலைப் பகுதிகளில் தேவை வேறாக இருந்தது. அங்கு ஓநாயிடமிருந்து ஆட்டைக் காக்க வேண்டும். எனவே துரத்தும் ஆவல் குறைந்த, பெரிய உடல் கொண்ட நாய்களைத் தெரிந்தனர். குட்டியாக இருக்கும்போதே அவற்றை ஆடுகளோடு பட்டியில் விட்டு வளர்த்தனர். இரண்டும் ஆயரின் நாய்களே. ஆனால் ஒன்றின் வேலையை மற்றதனால் செய்ய முடியாது.

2. நடமாடும் வேலி

ஜேர்மனியில் பயிர் நிலங்களுக்கு இடையே வேலியில்லாத மேய்ச்சல் துண்டுகள் இருந்தன. ஆடு பயிரில் வாய் வைக்காதபடி, நாய் எல்லையோரமாக நாள் முழுவதும் மேலும் கீழும் நடந்து காவல் செய்தது. அதாவது நாயே வேலியாக இருந்தது. எம்மவர் அல்சேஷன் என்று அழைக்கும் நாய் இந்த வேலையிலிருந்து வந்தது. 1899ஆம் ஆண்டில் மக்ஸ் வொன் ஸ்ரெபானிட்ஸ் என்பவர் இந்த இனத்துக்கென ஒரு சங்கத்தை அமைத்தார். நாயின் பெறுமதி அதன் வேலையிலேயே இருக்கின்றது என்பது அவரது கொள்கை.

அயல் நாடான பெல்ஜியத்தில் 1891ஆம் ஆண்டில் அடொல்ப் ருயில் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர் 117 மந்தை நாய்களை ஒன்றுகூட்டி ஆராய்ந்தார். அங்கு வகுக்கப்பட்ட இனங்களுள் ஒன்று மலினுவா. மெக்கெலன் நகருக்குப் பிரெஞ்சு மொழியிலுள்ள பெயரால் அது அழைக்கப்படுகின்றது.

மேய்ச்சல் நிலம் சுருங்க, இந்த நாய்கள் வேறு வேலைகளுக்குச் சென்றன. 1899இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரப் பொலிசார் நாய்களைச் சேவையில் சேர்த்தனர். 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில், போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட நாய்கள் பழக்கப்பட்டன. பின்னர் இதே இனங்கள் வெடிபொருள் தேடவும் தெரிவாகின. நாள் முழுவதும் சோராமல் உழைத்தல், மனிதரின் குரலுக்குச் செவிகொடுத்தல், ஓடும் பொருளைத் துரத்தும் ஆவல் ஆகிய மூன்றும் மந்தையிலிருந்து கிடைத்த முதுசம். பயிற்சியில் ஆட்டின் இடத்தை ஓர் இறப்பர் பந்து எடுத்துக்கொண்டது.

3. பழக்கும் முறை

மிதிவெடி என்றால் என்னவென்று நாய்க்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மணமும் விளையாட்டும் மட்டுமே. மனிதருக்கு மணம் உணரும் கலங்கள் சுமார் 50 இலட்சம். நாய்க்கோ 20 கோடிக்கு மேல். பயிற்சி படிப்படியாக நடைபெறுகின்றது.

முதலாவதாக, நாய்க்குப் பந்தின் மேல் தீராத ஆசை வளர்க்கப்படும். இரண்டாவதாக, ரி.என்.ரி. போன்ற வெடிமருந்தின் மணத்தை மோந்த உடனே பந்து கொடுக்கப்படும். மூன்றாவதாக, மணம் வந்த இடத்தில் தோண்டாமல், தொடாமல் அசையாது உட்காரப் பழக்கப்படும். நான்காவதாக, மண்ணில் புதைத்த பொருளை நீண்ட கயிற்றில் சென்று ஒழுங்காகத் தேடப் பழகும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் வேறு வழியை முயன்றது. புதைத்த பொருளை நெருங்கும்போது நாய்க்கு மின் அதிர்ச்சி கொடுத்து, அச்சத்தினால் நிற்கப் பழக்கினர். களத்தில் அந்த நாய்கள் நம்பத்தக்கவையாக இருக்கவில்லை. அத்திட்டம் கைவிடப்பட்டது. அச்சமுற்ற நாய் வேலையைத் தவிர்க்கவே வழி தேடும். கண்டுபிடித்தால் மகிழ்ச்சி உண்டு என்று அறிந்த நாய் தானாகவே தேடும். பிழையாக உட்கார்ந்த நாய்க்கு அடி விழுவதில்லை. பந்து கிடைப்பதில்லை, அவ்வளவே.

4. நாயின் எல்லை

பயிற்சி பெற்ற நாய்க்கும் எல்லை உண்டு. பலத்த காற்று மணத்தைக் கலைக்கும். மழையும் கடும் வெயிலும் வேலையைக் கெடுக்கும். உயர்ந்த புல்லும் பற்றையும் முதலில் வெட்டப்பட வேண்டும். மிதிவெடிகள் நெருக்கமாகப் புதைக்கப்பட்ட இடத்தில் மணங்கள் ஒன்றோடொன்று கலப்பதால் நாய் தடுமாறும். உலோகத் துண்டுகள் சிதறிக் கிடக்கும் நிலத்திலும், வெடிகள் அரிதாக இருக்கலாம் என்று கருதப்படும் பரந்த நிலத்திலும் அது பெரிதும் உதவும். எனவேதான் ஒரே நிலத்தை ஒரு நாய் தேடிய பின் இன்னொரு நாயும் தேடும் வழக்கம் உண்டு. நாய் உட்கார்ந்த இடத்தை மனிதரே கருவி கொண்டு ஆராய்ந்து வெடியை அகற்றுவர்.

5. எமக்குரிய பாடம்

"எங்கள் நாய் அந்த வளவுக்குள் தினமும் போய் வருகிறது, மாடும் மேய்கிறது, ஆகவே பயமில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. இது உயிரைப் பறிக்கக்கூடிய எண்ணம். பழக்கப்படாத நாய் வெடிமருந்தின் மணத்தை மோந்தாலும் எமக்கு அறிவிக்காது. அது கால் வைக்காத அங்குலத்தில் வெடி இருக்கலாம். அதன் பாரத்துக்கு வெடிக்காதது எமது பாரத்துக்கு வெடிக்கலாம். வெள்ளம் வந்தால் முன்பு இல்லாத இடத்துக்கும் வெடி அடித்து வரப்படலாம்.

போர் 2009இல் முடிவுற்றது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. ஆயினும் ஒரு காணி சுத்தம் செய்யப்பட்டதா என்பதை அதற்குரிய அதிகாரிகள் முறையாகக் கையளிக்கும்போதே அறியலாம். அதுவரை விதைக்கவோ, விறகு பொறுக்கவோ உட்செல்லக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். தேடுதலில் ஈடுபட்டிருக்கும் நாயை அழைக்கவோ அதற்கு உணவு போடவோ வேண்டாம்.

கலந்துரையாடுவோம்

1. எமது ஊரில் காணி "சுத்தம்" என்று மக்கள் எதை வைத்து முடிவு செய்கின்றனர்? அது சரியானதா?

2. மாடு தேடிச் செல்லும் பிள்ளைகளுக்கு இதனை எவ்வாறு விளக்குவோம்?

3. அடித்துப் பழக்குவதற்கும் பாராட்டிப் பழக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை எமது கால்நடைகளிடம் கண்டிருக்கின்றோமா?