உடலின் நிலையும் அசைவும்: மருத்துவரிடம் உரைக்கும் முறை

"கை வலிக்கிறது" என்று மட்டும் மருத்துவரிடம் உரைப்பது, "தறி ஓடவில்லை" என்று மட்டும் தச்சரிடம் உரைப்பதை ஒக்கும். எவ்விடத்தில், எவ்வசைவில் என்று தெரிந்தாலன்றிப் பழுது விளங்காது. ஆகவே, நல்லம்பள்ளி வட்டார நெசவாளரும் உழவரும் உடலின் நிலைகளையும் அசைவுகளையும் குறிக்கும் சொற்களை அறிந்திருத்தல் நலம்.

இவற்றைத் தமிழில் கற்பித்தல் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் பயிற்றினார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலையும் வெளியிட்டார்.

அடிப்படை நிலை: நேரே நின்று, முகம் முன்னோக்க, கைகளைப் பக்கங்களில் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்புறம் காட்டுதல். இந்நிலையைக் கொண்டே உறுப்புகளின் இடம் குறிக்கப்படும். வலம், இடம் என்பவை நோயாளியின் வலமும் இடமுமேயாகும். எதிரே நிற்பவருடையவை அல்ல.

படுக்கை நிலைகள் மூன்று: மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து.

அசைவுகளாவன:

1. மடக்கல், நீட்டல்: கேழ்வரகு வயலில் களையெடுக்கக் குனிகையில் இடுப்பு மடங்குகிறது, நிமிர்கையில் நீள்கிறது.

2. விலக்கல், சேர்த்தல்: கையையோ காலையோ பக்கவாட்டில் உடலைவிட்டு அகற்றுதல் விலக்கல், மீண்டும் உடலருகே கொணர்தல் சேர்த்தல்.

3. சுழற்றல்: பக்கத்துத் தறியைப் பார்க்கத் தலையைத் திருப்புகையில் கழுத்து சுழல்கிறது.

4. மல்லாத்தல், கவிழ்த்தல்: விபூதி பெறும் கை மல்லாந்தது, விதை தூவும் கை கவிழ்ந்தது.

5. பாதம் தாழ்த்தல், உயர்த்தல்: குழித்தறியில் மிதியை அழுத்துகையில் கணுக்காலிலிருந்து பாதம் தாழ்கிறது, விடுகையில் உயர்கிறது.

இனி, "வலத் தோள்; கையைப் பக்கவாட்டில் விலக்கி உயர்த்துகையில் வலி; முன்னே உயர்த்துகையில் இல்லை; பத்து நாட்களாக" என்று உரைத்துப் பாருங்கள். மருத்துவர் எங்கிருந்து சோதனையைத் தொடங்க வேண்டுமென்பது இதிலேயே விளங்கும்.

பிறருக்கு உதவுங்காலும் இவ்வறிவு பயன்படும். புளியமரத்தினின்று விழுந்தவரின் கழுத்தையோ முதுகையோ மடக்குதலும் சுழற்றுதலும் கூடாது. முதுகெலும்பு முறிந்திருப்பின், அவ்வசைவால் தண்டுவடம் சேதமுற்றுக் கைகால்கள் செயலிழக்கக்கூடும். அவரை உட்கார வைக்காது, தலையும் உடலும் அசையாவண்ணம் காத்து, 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

அங்கத்தினர்கள் இச்சொற்களைத் தம் இல்லத்தாருக்கும் கற்பிப்பார்களாக.