தறிக்கணக்கும் ஒரு தகுதிதான்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்குப் பள்ளியிலேயே உதவுகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் பதிவு மூப்பு நிற்கும் என்றும் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் தனியார் நிறுவனங்கள் அலுவலகப் பணிகளுக்கு ஆள் தேடுவது வேறு இடத்தில். 2003இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் போன்ற தளங்களில் மூப்பு என்பதே கிடையாது. நம்மைப் பற்றி நாம் எழுதி வைத்திருக்கும் சுயவிவரத்தைத்தான் அங்கே தேடிப் படிப்பார்கள். மத்திய அரசு 2015இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் சுயவிவரம் கேட்கிறார்கள். அதை எழுதத்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

வணிகவியல் பிரிவில் இதற்காக இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினேன். கணினி வேண்டாம், தாளும் பேனாவும் போதும். "உன்னைப் பற்றி ஐந்து வரி எழுது" என்றேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களும் ஒன்றுபோலவே வந்தன. தந்தை பெயர், பிறந்த தேதி, சாதி, முகவரி, கடைசியில் "நான் கடின உழைப்பாளி". கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் குறிப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அடுத்து வேறு கேள்வி கேட்டேன். "உன்னை நம்பி ஒருவர் ஒப்படைத்திருக்கும் வேலை எது?" வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு மாணவி எழுதினாள். அவள் அப்பா கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்பவர். சங்கத்தில் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார்கள். நெய்த சேலையையும் நிறுத்துத்தான் வாங்குவார்கள். வாங்கிய எடை, சேலையில் போன எடை, கழிவு, கையில் உள்ள மீதி, வர வேண்டிய கூலி என்று இரண்டு ஆண்டுகளாக நோட்டுப் போட்டு எழுதி வருபவள் இவள்தான். எழுதிவிட்டு அந்த வரியை அடித்தும் இருந்தாள். கேட்டதற்கு, "தறிக்காரங்க வீடுன்னு தெரிஞ்சா கம்பெனியில சிரிக்க மாட்டாங்களா சார்?" என்றாள்.

இந்த இடத்தில்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதைப் பொது அறிவுக் கேள்வியாகப் படித்தவர்கள்தான் இவர்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் வரும்படி மூன்று நாடா ஓட்டிக் கோர்வை போடுவதை வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தவர்கள். இருந்தும் வீட்டுத் தொழிலை மறைக்கத்தான் பார்க்கிறார்கள். சிரிப்பவர்கள் யாரும் இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. நீ எழுதும் நோட்டுக்குப் பாடநூலில் என்ன பெயர் என்று மட்டும் கேட்டேன். சரக்கிருப்புக் கணக்கு என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான்.

லிங்க்ட்இன் சுயவிவரத்தின் தலைப்பு வரிக்கு 220 எழுத்துருக்கள்தான் இடம். அவள் கடைசியாக எழுதியது இது: "வணிகவியல் மாணவி. பட்டு நெசவுக்கான மூலப்பொருள் இருப்பு, கூலிக் கணக்குகளை இரண்டு ஆண்டுகளாகப் பராமரிக்கிறேன். டாலி கற்று வருகிறேன்." 'டாலி தெரியும்' என்றுதான் முதலில் இருந்தது. நேர்முகத்தில் கணினி முன் உட்கார வைப்பார்கள் என்றதும் அவளே திருத்திக்கொண்டாள்.

சாதி, ஆதார் எண், வீட்டு முகவரி, கைபேசி எண் எதுவும் பொதுவில் வேண்டாம். லிங்க்ட்இன் 16 வயதில் அனுமதிக்கிறது. ஆனால் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தைதான், பெற்றோர் ஒப்புதல் தேவை. ஆகவே பள்ளியில் தாளோடு நிறுத்துகிறேன். கணக்குத் தொடங்குவது கல்லூரியில் சேர்ந்த பிறகு இருக்கட்டும்.

மோசடியைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினேன், அது அதிகமில்லை. 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்ற சமூக ஊடக விளம்பரத்தை நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். வேலைக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வேலை என்றால் முகவர் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் தளத்தில் பார்க்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். இந்த எண்ணை எல்லோரும் தாளின் மேல் எழுதிக்கொண்டார்கள்.

(நம் பதவி உயர்வு முன்னுரிமைப் பட்டியல்படிதான் வரும், அதற்கு இந்தத் தளம் உதவாது. ஆனால் பழைய மாணவர்கள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க மிகவும் உதவுகிறது.)

இரண்டாம் பாடவேளையின் கடைசிப் பயிற்சி, முன்பின் அறியாத ஒரு முன்னாள் மாணவருக்கு மூன்று வரி எழுதுவது. "வேலை வாங்கிக் கொடுங்கள் அண்ணா" என்று எழுதினால் பதில் வருவது அரிது. நாங்கள் கரும்பலகையில் சேர்ந்து எழுதியது: "அக்கா, நீங்கள் படித்த பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் படிக்கிறேன். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதாக ஆசிரியர் சொன்னார். பி.காம். படிக்கும்போதே டாலி தவிர வேறு என்ன கற்றுக்கொண்டால் அங்கே உதவும்?"

அந்தத் தாள்களை மேலொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தறிக்கணக்கு வரியை அவள் மறுபடி அடிக்கவில்லை.