மணிச்சத்தை அளக்கும் மண் பரிசோதனை: புணே மாவட்டம் தரும் பாடம்

நிலத்தில் மணிச்சத்து இருப்பது வேறு. அது பயிருக்குக் கிட்டுவது வேறு. மண்ணிலுள்ள மொத்த மணிச்சத்தில் ஒரு சிறு பகுதியையே வேர்கள் எடுத்துக்கொள்ள இயலும். அப்பகுதியை மதிப்பிடுவதே மணிச்சத்துப் பரிசோதனையின் நோக்கமாகும்.

இதற்கு ஒரே முறை எல்லா நிலங்களுக்கும் பொருந்தாது. மகாராஷ்டிரத்தின் புணே மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்கே, மழை மிகுந்து நெல் விளையும் மாவல், முல்ஷி தாலுகாக்களில் அமிலத் தன்மையுள்ள மண் காணப்படுகிறது. அத்தகைய மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிணைத்து வைக்கின்றன. கிழக்கே, மழை குறைந்து கரும்பு விளையும் பாராமதி, இந்தாபூர் தாலுகாக்களில் சுண்ணாம்பு கலந்த கரிசல் மண் உண்டு. அங்கு கால்சியம் அதைப் பிடித்து வைக்கிறது.

அமில மண்ணுக்கு 1945-இல் பிரே, கர்ட்ஸ் ஆகியோர் வகுத்த முறை ஏற்றது. இதில் அம்மோனியம் புளூரைடும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பயன்படுகின்றன. புளூரைடு அலுமினியத்தைப் பற்றிக்கொள்வதால் மணிச்சத்து விடுபடுகிறது.

சுண்ணாம்பு மண்ணுக்கு 1954-இல் ஓல்சன் குழுவினர் வெளியிட்ட முறை உகந்தது. 2.5 கிராம் மண்ணுடன், கார அமில நிலை 8.5 உள்ள 50 மி.லி. சோடியம் பைகார்பனேட் கரைசலைச் சேர்த்து 30 நிமிடம் குலுக்கி வடிகட்டுவர். வடிநீரில் அம்மோனியம் மாலிப்டேட்டின் துணையால் தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியே சத்தின் அளவைக் காட்டும். வெப்பம் கூடினால் மிகுதியான சத்து கரைந்து வருமாதலால், ஆய்வுக்கூட வெப்பநிலையைச் சீராக வைத்தல் வேண்டும்.

முறை மாறினால் விளைவு என்ன? சுண்ணாம்பு மண்ணில் பிரே முறையைக் கையாண்டால் சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிடும்; முடிவு உண்மைக்குக் குறைவாக வரும். தேவையற்ற உரத்துக்கு உழவர் பணம் செலவிட நேரும்.

ஓல்சன் முறைப்படி, ஹெக்டேருக்கு 10 கிலோவுக்குக் கீழ் குறைவு, 10 முதல் 25 வரை நடுத்தரம், அதற்கு மேல் மிகுதி எனப் பொதுவாகக் கொள்வர். இவ்வெல்லைகள் மாநிலந்தோறும் சற்றே வேறுபடும். 15 செ.மீ. ஆழத்துக்குப் பத்து இலட்சத்தில் 8 பங்கு எனில், அதை 2.24-ஆல் பெருக்க ஏறத்தாழ 18 கிலோ வரும், அது நடுத்தரம். உர மூட்டையில் குறிக்கப்படுவதோ பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு ஆகும். பாஸ்பரஸ் அளவை 2.29-ஆல் பெருக்கிய பின்னரே இரண்டையும் ஒப்பிடலாம்.

மாதிரி பிழையானால் ஆய்வும் பிழையாகும். வரப்பு, எருக்குவியல், மரநிழல் ஆகிய இடங்களைத் தவிர்த்து, வயலின் பல இடங்களில் ஆங்கில 'வி' வடிவக் குழி வெட்டி மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்புதல் வேண்டும்.

2015-இல் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. மணிச்சத்து உரத்தின் மூலப்பொருள்களைப் பெரும்பாலும் இறக்குமதி செய்யும் நம் நாட்டில், அட்டையில் உள்ள எண்ணை மட்டுமன்றி, அது எம்முறையில் கிடைத்தது என்பதையும் அறிந்து பரிந்துரைப்பது அலுவலர்களின் கடமையாகும்.